மொட்டைப் புல்வெளியில் மரக்கூட்டம்: செயற்கைக்கோள் படத்தில் குகை தேடுவது எப்படி?

மேலிருந்து எடுத்த படத்தில் குகை வாய் அநேகமாகத் தெரியாது. தெரிவது அதைச் சுற்றி வளர்ந்த மரங்கள்தான். தொல்மானிடவியலாளர் லீ பெர்கர் 2008இல் தென்னாப்பிரிக்காவில் இதை வைத்துத்தான் தேடினார். ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே ‘மனிதகுலத்தின் தொட்டில்’ என்ற பகுதியில் அதுவரை தெரிந்த குகைகள் சுமார் 130. கூகுள் எர்த்தைத் துழாவியதில், யாரும் குறிக்காத குகைகளும் புதைபடிவ இடங்களுமாகக் கிட்டத்தட்ட 500 சிக்கின. நாமும் அங்கேயே பழகுவோம்.

1. கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை நிறுவுங்கள். இலவசம்தான். போன் திரை இந்த வேலைக்குப் போதாது.

2. தேடல் பெட்டியில் -26.016, 27.734 என்று இடுங்கள். ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகைப் பகுதி வரும். மைனஸ் குறியை விட்டுவிட்டால் எகிப்தின் பாலைவனத்தில் போய் நிற்பீர்கள்! தெரிந்த குகையைப் பல உயரங்களிலிருந்து பார்த்து முதலில் கண்ணைப் பழக்குங்கள்.

3. அப்புறம், மேலே கடிகாரம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய படங்கள் வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எடுத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அது மழையில்லாத குளிர்காலம். புல்லெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். இலை உதிர்க்காத காட்டு ஒலிவ மரங்கள் மட்டும் கரும்பச்சைப் பொட்டுகளாக நிற்கும். குகை வாயில் ஈரம் தங்கும், உறைபனியும் புல்தீயும் அவ்வளவாக எட்டாது. அதனால்தான் மரம் அங்கே பிழைக்கிறது.

4. குழியா மேடா என்பதை நிழலை வைத்துச் சொல்லலாம். அங்கே பெரும்பாலும் சூரியன் வடக்கே இருக்கும். மரத்தின் நிழல் தெற்குப் பக்கம் சாயும். குழி என்றால் வடக்கு ஓரம் இருட்டாகவும் தெற்கு ஓரம் வெளிச்சமாகவும் இருக்கும். இது பிடிபடுவதற்குள் நான் இரண்டு கற்குவியல்களைக் குகை என்று குறித்துவிட்டேன்.

5. சரி, இனி இடத்தைக் குறிக்கும் மஞ்சள் ஊசிப் பொத்தான். பெயரை ‘கு-07, மரம் 4, குழி தெளிவு’ என்பதுபோல வையுங்கள். வெறும் ‘குகை 7’ என்று வைத்தால் ஒரு வாரத்தில் உங்களுக்கே புரியாது. சுண்ணாம்புக்கு வெட்டிய பழைய குழி, மாட்டுப்பட்டி என்று கழித்தவற்றையும் சிவப்பில் குறியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதையே மறுபடி ‘கண்டுபிடிப்பீர்கள்’.

6. 2000 மே மாதத்துக்கு முன் எடுத்த ஜிபிஎஸ் புள்ளிகளை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்க ராணுவம் அதுவரை வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. பெர்கரின் பழைய புள்ளிகளே வரைபடத்தில் இடம் மாறித்தான் விழுந்தன.

ஊசி குத்தியதெல்லாம் சந்தேகம்தான். நேரில் போனால்தான் உறுதியாகும். 2008 ஆகஸ்ட் 15 அன்று பெர்கர் இதே பகுதியிலுள்ள மலாபா என்ற இடத்துக்கு நடந்து போனபோது, கூடப் போன அவருடைய 9 வயது மகன் கையில் எடுத்த கல்லில் மனிதனைப் போன்ற ஒரு பழைய இனத்தின் காறை எலும்பு இருந்தது. எலும்பின் வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். இப்படிப்பட்ட இடங்களுக்குத் திருடர்களும் வருவார்கள். ஆகவே ஊசிகள் இருக்கும் கோப்புறையை கேஎம்இசட் (கூகுள் எர்த் இடக்குறிப்பு வகை) கோப்பாகச் சேமித்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர் அனுமதி கிடைக்கும்வரை ஆயத்தொலைவுகளை எங்கும் பகிராதீர்கள்.