எண்ணெய் மேடையைச் சுற்றி வாழும் மீன்களில் உலோகத்தை அளப்பது எப்படி?

மும்பைக் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், 1974-இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை எண்ணெய் வயலின் மேடைகள் நிற்கின்றன. அவற்றின் இரும்புக் கால்களில் பாசியும் சிப்பியும் படர, அவற்றை நாடிச் சிறு மீன்களும், சிறு மீன்களை நாடிக் களவாய் போன்ற பெரிய மீன்களும் வந்து தங்கிவிடுகின்றன. அந்த மீன்களில் பாதரசம், காட்மியம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று ஆராய விரும்பும் தமிழ் மாணவர்கள் சிலர் என்னிடம் வழி கேட்டிருக்கிறார்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மீன் குழம்பு உண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே. அவர்களுக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கடல் மீனை எடுத்தாலும் அதில் ஓரளவு உலோகம் இருக்கத்தான் செய்யும். அது மேடையால் வந்ததா என்பதற்கு விடை கிடைக்கும்படி, கடலுக்குப் போவதற்கு முன்பே ஆய்வை அமைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் முன் உட்கார்ந்த பிறகு அந்தக் குறையைச் சரிசெய்ய வழியில்லை.

முதலில், மேடையிலிருந்து எந்த உலோகம் எந்த வழியாக வெளியேறக்கூடும் என்று பட்டியலிடுங்கள். எண்ணெய்க் கிணறு துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக்கு எடை கூட்டுவதற்காகச் சேர்க்கும் பேரைட் என்பது பேரியம் சல்பேட். அதில் பாதரசமும் காட்மியமும் மாசாகக் கலந்திருக்கலாம் என்பதால்தான், அதில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசத்துக்கும் 3 மில்லிகிராம் காட்மியத்துக்கும் மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கா வரம்பு வைத்திருக்கிறது. கால்கள் துருப்பிடிக்காமல் காக்கப் பொருத்தும் உலோகக் கட்டிகள் கரையும்போது துத்தநாகமும் அலுமினியமும் வெளியேறும். கச்சா எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் உண்டு. பேரைட் நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் பேரியத்தின் தடயம் பெரும்பாலும் கடலடி மண்ணிலேயே கிடைக்கும். ஆகவே மீனோடு மண்ணையும் எடுக்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் உண்டு. அனுமதியின்றி எந்தப் படகும் அதற்குள் நுழையக் கூடாது. உங்கள் கல்வி நிறுவனத்தின் வழியாக எழுத்து மூலம் அனுமதி பெற்று, வலையைத் தவிர்த்துத் தூண்டிலால் பிடியுங்கள். இடம்விட்டு இடம் அலையும் சூரையும் வஞ்சிரமும் இந்த ஆய்வுக்கு உதவாது. ஒரே இடத்தில் தங்கும் களவாயையோ சங்கராவையோ தேர்ந்தெடுப்பதே சரி.

ஒப்பிடுவதற்கான இடத்தைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். தாணே கழிமுகத்தில் நகரக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலப்பதால், அங்கே பிடித்த மீனோடு ஒப்பிட்டால் மேடை தூய்மையானதாகவே தோன்றும். மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சாசூன் டாக்கில் வாங்கிய மீன் எந்தக் கடற்பகுதியில் பிடிபட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மேடையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, அதே ஆழமும் அதே வகை அடிமண்ணும் உள்ள இடங்களை ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் தேர்ந்தெடுங்கள். மேற்குக் கரையின் நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் குளிர்காலத்தில் வடக்கு நோக்கியும் ஓடுவதால், மாதிரி எடுத்த மாதத்தையும் குறித்துவைப்பது அவசியம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பாதரசம் மீனின் வயதோடு கூடிக்கொண்டே போகும். பாதுகாப்பு வளையத்துக்குள் மீன்பிடிப்பு இல்லாததால் அங்குள்ள மீன்கள் முதிர்ந்தவையாகவும் பெரியவையாகவும் இருக்கக்கூடும். அப்படியானால் மேடை ஒரு துளிப் பாதரசத்தைக்கூட வெளியேற்றாவிட்டாலும் மேடை மீனில் அளவு கூடுதலாகத்தான் தெரியும். எனவே ஒவ்வொரு மீனின் நீளத்தையும் எடையையும் குறித்து, தலையிலுள்ள செவிக்கல்லை எடுத்து வளையங்களை எண்ணி வயதைக் கணித்து, ஒரே வயதுள்ள மீன்களையே ஒப்பிடுங்கள்.

நான் முதன்முதலாக மீன் அறுத்தபோது, கூர்மையாக இருக்கிறதே என்று வீட்டு எஃகுக் கத்தியைக் கொண்டுபோனேன். முடிவில் எல்லா மாதிரிகளிலும் குரோமியமும் நிக்கலும் உயர்ந்து நின்றன. மீனே இல்லாத வெற்று மாதிரி ஒன்றைக்கூட நான் வைத்திருக்காததால், அது கத்தியிலிருந்து வந்ததா மீனிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் மூன்று மாத உழைப்பைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. பீங்கான் கத்தி, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் பலகை, மாவு பூசாத கையுறை ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். சில கையுறை மாவில் துத்தநாகம் இருக்கும். முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை உரித்து, வெளிப்பரப்பைச் சீவி நீக்கிவிட்டு, உள்தசையை மட்டும் எடுங்கள். ஈரலைத் தனிப் புட்டியில் வையுங்கள். பாதரசம் தசையில் தேங்கும், காட்மியமோ ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் மிகுதியாகச் சேரும்.

நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளக்கும்போது ஒவ்வொரு தொகுதியிலும் வெற்று மாதிரியோடு, கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் தயாரிக்கும் டார்ம் போன்ற சான்றளித்த மீன்பொடியையும் சேர்த்து அளந்து, அதன் அறியப்பட்ட அளவு உங்கள் கருவியிலும் வருகிறதா என்று பாருங்கள். உலர் எடையில் அளந்தீர்களா ஈர எடையிலா என்பதை மறவாமல் எழுதுங்கள். மீன் தசையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர் என்பதால் இரண்டுக்கும் இடையே நான்கைந்து மடங்கு வேறுபாடு வரும், வரம்புகளோ ஈர எடைக்கே வகுக்கப்பட்டவை. மீனில் ஈயத்துக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். மீனுக்கு வகுத்த அந்த வரம்போடு ஈரலின் அளவை மட்டும் ஒப்பிட்டு அச்சமூட்டக் கூடாது. மொத்த ஆர்செனிக் அளவைக் கண்டும் பதற வேண்டியதில்லை; மீனில் அது பெரும்பாலும் நச்சுத்தன்மை மிகக் குறைந்த ஆர்செனோபீட்டைன் என்ற சேர்மமாகவே இருக்கும்.

முடிவை மீன் விற்கும் கோலிப் பெண்களிடமும் நம் வீட்டுத் தாய்மாரிடமும் சொல்லும்போது வெறும் எண்ணைச் சொல்லாமல் உண்ணும் அளவாக மாற்றிச் சொல்லுங்கள். மீனிலுள்ள பாதரசம் பெரும்பாலும் மெத்தில் பாதரசம் என்ற வடிவில்தான் இருக்கும்; அதற்கு வாரத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 மைக்ரோகிராம் வரை உட்கொள்ளலாம் என்ற பன்னாட்டு அளவு, கருவிலிருக்கும் குழந்தையை மனத்தில் வைத்து 2003-இல் வகுக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ள மீன் என்றால் வாரத்துக்கு 320 கிராம், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 80 கிராம். நன்றாகக் கொதிக்கவைத்தால் போய்விடுமா என்று கட்டாயம் கேட்பார்கள். போகாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.