தவக்காலத்தில் பிள்ளைக்குத் தியாகத்தைப் பழக்க ஒரு மைலோ டின்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் பினாங்கில் எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு காலி மைலோ (சாக்லேட் பானப் பொடி) டின் ஏறிவிடும். 40 நாளும் பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை விட்டு, அதில் மிஞ்சும் காசைத் தன் கையாலேயே அதில் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதை விடுவது என்பதை அவனே சொல்லட்டும், நாம் சொன்னால் அது வெறும் தண்டனை.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்துதான், உண்ணா நோன்பு 18-லிருந்து 59 வரைதான், அதனால் சின்னப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். என் மகன், வயது எட்டு, போன வருடம் பள்ளி கேண்டீனில் குடிக்கும் ஐஸ் மைலோவை விட்டான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான், திட்டாமல் விட்டேன். அப்புறம் ஒரு நாள் தங்கைக்குக் கோழிக்காலைத் தள்ளி வைத்துவிட்டுக் கழுத்துத் துண்டை எடுத்துக்கொண்டான், யாரும் சொல்லவில்லை!

நீங்களும் ஒன்றை விடுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும். நான் காலையில் குடிக்கும் தே தாரிக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, விட்டேன், தலைவலியோடுதான்.

இரவில் இரண்டு காசு போட்ட விதவையின் கதையைச் சொல்லுங்கள், மாற்கு 12-இல் இருக்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் 1941-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு குடும்பத் தகப்பனுக்குப் பதிலாகத் தானே சாக முன்வந்த புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் பற்றிச் சொல்லலாம். டின்னைப் பெரிய வெள்ளிக்கு முன் பிள்ளையே கோயிலுக்குத் தூக்கிப் போய்க் கொடுக்கட்டும்.