வீட்டிலேயே குழந்தைகளுக்கு ஸ்பா பர்த்டே: ஆறு பிள்ளைகள், மூன்று இடம், ஒரு மணி நேரம்

போன மே மாதம் மகளுக்கு 8 வயது. “எனக்கு ஸ்பா பர்த்டேதான் வேணும்” என்று ஒரே பிடிவாதம். எந்த வீடியோவில் பார்த்தாளோ! விஷயம் ஆயா காதுக்குப் போனது. ஆயா என்றால் என் அம்மா. “இன்னாடி இது, எண்ணெ தேச்சி தண்ணி ஊத்தறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வெச்சிக்கினு” என்று சிரித்தார்.

ஆயா சொன்னதும் தப்பில்லை. ஸ்பா என்பது பெல்ஜியத்தில் இருக்கும் ஒரு ஊரின் பெயர். அந்த ஊர் ஊற்றுத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஜனங்கள் தேடிப் போனதில் பெயர் பரவியது. ஆக, முதலில் இருந்தது தண்ணீர்; அழகு, பார்லர் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ‘தண்ணியில்லாத ஆறு’ என்று ஊரே கிண்டல் செய்யும் வேலூரில் உட்கார்ந்து தண்ணீரை நம்பி ஒரு பர்த்டே நடத்துவது கொஞ்சம் குசும்புதான். ஆனால் கத்திரி வெயிலில், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில், பிள்ளைகள் இரண்டரை மணி நேரம் சண்டை போடாமல் இருந்தார்கள். அதற்குக் காரணம் ஃபேஸ் பேக் இல்லை, இரண்டு பேசின் தண்ணீர்.

முதல்முறை செய்பவர்களுக்காக, நான் சொதப்பிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: தலைக்கணக்கு

எத்தனை பேர் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் கெட்டுப்போவது காத்திருக்கும்போதுதான். பத்து நிமிஷம் சும்மா நிற்கவைத்தால் சோபா மேல் ஏறிவிடுவார்கள்.

என் கணக்கு இது: ஆறு பிள்ளைகள், இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி. மூன்று இடம்: கால் தண்ணி, முகப்பூச்சு, தலைவாரல். ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிஷம், பிறகு இடம் மாற்றம். ஒரு மணி நேரத்தில் எல்லோரும் எல்லாம் பார்த்துவிடுவார்கள், யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு இடத்துக்கு ஒரு பெரியவர் கட்டாயம். எங்கள் வீட்டில் நான், ஆயா, என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்குக் கேக், ஃபோட்டோ, வாசல் டியூட்டி. எட்டுப் பிள்ளைகள் வரை சமாளிக்கலாம். பன்னிரண்டு என்றால் இது வேண்டாம், பேசாமல் பாட்டுக்கு நாற்காலி வைத்துவிடுங்கள்.

பையன்களையும் கூப்பிடுங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் பையன்கள். கால் தண்ணியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது அவர்கள்தான்.

படி 2: நேரம்

மே மாதத்தில் நம்ம ஊர் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் யாரையும் வரச்சொல்லாதீர்கள். 4 மணிக்கு ஆரம்பம், 6.30க்கு முடிவு. பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் வைத்தால் நகப்பூச்சுக்கும் மருதாணிக்கும் திங்கட்கிழமை பிள்ளை திட்டு வாங்கும். லீவு நாள் நல்லது. கரண்ட் போனால் இருக்கட்டும் என்று நாலு பனையோலை விசிறி வாங்கிவைத்தேன். கரண்ட் போகவில்லை, ஆனால் விசிறி வீசுவதே பெரிய வேலையாகப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது.

படி 3: அம்மாக்களுக்கு ஒரு மெசேஜ்

இதை விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் பிள்ளையின் முகத்தில் எதையோ பூசப் போகிறோம். நான் வாட்ஸாப்பில் அனுப்பியது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“வணக்கம்க்கா. சனிக்கிழமை சாயந்திரம் 4 மணிக்குப் பாப்பா பர்த்டே. பசங்க கால் ஊறவெச்சி விளையாடுவாங்க. மூஞ்சிக்குப் பயத்தமாவு, தயிர், பன்னீர் பூசுவோம். கடைசியா கையில மருதாணி. எதுனா ஒத்துக்காதுன்னா சொல்லுங்க. வெள்ளிக்கிழமையே கொஞ்சம் மாவும் தயிரும் பன்னீரும் கொழைச்சி முழங்கை உள்பக்கம் தடவிப் பாருங்க. மறுநாளுக்குள்ள அரிப்போ செவப்போ வந்தா மூஞ்சிக்கு வேணாம். பழைய துணி போட்டு, சொந்த சீப்பும் ஒரு துண்டும் குடுத்து அனுப்புங்க. 6.30க்கு வந்து கூட்டினு போங்க.”

ஒரு அம்மா, “என் பொண்ணுக்குத் தோல்ல அடிக்கடி தடிப்பு வரும், எதுவும் பூசாதீங்க” என்று பதில் போட்டார். அந்தப் பாப்பாவுக்கு வெறும் ஈரத்துணி ஒத்தடம் மட்டும் கொடுத்தோம். அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சீப்பு ஏன் என்றால், பேன். துண்டு ஏன் என்றால், ஒரு பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் ஆறு வீட்டுக்கும் போகும்.

படி 4: கடைக்குப் போவது

லாங்கு பஜாருக்குப் போய் ஆறு பேசின் வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், ஒரு நேரத்தில் உட்காரப்போவது இரண்டு பேர்தான். இரண்டு பேசின் போதும். மீதி நாலும் இன்னும் பரணில் கிடக்கின்றன. நீங்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றபடி வெட்டிவேர் ஒரு கட்டு, பயத்தமாவு, நல்ல பன்னீர், கோலிகுண்டு 30, நேதாஜி மார்க்கெட்டில் கொஞ்சம் மல்லியும் ரோஜாவும். பன்னீரில் ஒரு எச்சரிக்கை: கல்யாண வீட்டில் தெளிக்கிற செண்டு கலந்த பன்னீர் முகத்துக்கு ஆகாது. லேபிளில் முகத்துக்குப் பூசலாம் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மாவு குழைக்க ஆளுக்கு ஒரு சின்ன மண் கிண்ணம் வைத்தால் அழகாக இருக்கும். காட்பாடி பக்கம் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். போகும் வழி இருந்தால் பாருங்கள். பார்ட்டி முடிந்ததும் அந்தக் கிண்ணமே ரிட்டர்ன் கிஃப்ட். பழைய வேட்டியைக் கிழித்தால் தலைக்கட்டு ரெடி.

வாங்கக்கூடாதவை: நறுமண எண்ணெய்ப் பாட்டில்கள், கற்பூரம் சேர்ந்த தைலம், நீலகிரித் தைலம், கறுப்பு மருதாணி கோன். தைலங்கள் சின்னப் பிள்ளை வாயில் போனால் ஆபத்து. கறுப்பு மருதாணியில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் கலந்திருக்கும்; கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும். மருதாணி கறுப்பாகச் சிவக்காது, அவ்வளவுதான் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கால் தண்ணி

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதல் நாள் ராத்திரி வெட்டிவேரை மண் போக இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு பானைத் தண்ணீரில் போட்டு மூடிவையுங்கள். காலையில் பானையைத் திறந்தால் மழை பெய்த வாசம் வரும். அதே காலையில் வாளிகளிலும் தண்ணீர் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். இதை நான் மறந்தேன். 4 மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடி டேங்க் தண்ணீர் காப்பி போடும் சூட்டில் வருகிறது! மே மாத வேலூரில் இது தெரிந்த கதைதான், இருந்தும் மறந்தேன். கடைசியில் எதிர்வீட்டு அக்கா வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் தூக்கிவந்தோம்.

ஒரு பேசினுக்கு நாலு லிட்டர், கணுக்கால் முங்கினால் போதும். அதில் வெட்டிவேர்த் தண்ணீர் இரண்டு சொம்பு, ரோஜா இதழ் ஒரு கைப்பிடி, அடியில் கோலிகுண்டு 15. பாதத்தை வைத்து முன்னும் பின்னும் உருட்டச் சொல்லுங்கள். முதலில் எல்லோரும் கெக்கெக்கே என்று கத்துவார்கள். இரண்டு நிமிஷத்தில் சத்தம் அடங்கும். மூன்றாவது நிமிஷம் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள், கால் விரல்கள் மட்டும் தண்ணீருக்குள் ஒரு கோலியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. காசு கொடுத்துப் போகிற இடத்தில் பெரியவர்களுக்கே அந்த முகம் வராது.

சோப்பு வேண்டாம், டைல்ஸில் வழுக்கும். கல்லுப்பும் வேண்டாம், உப்பு போட்டால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற முடியாது. பேசினுக்கு அடியில் கோணிப்பை விரியுங்கள். ஜோடி மாறும்போது தண்ணீரும் மாற வேண்டும். ஆறு பேருக்கும் சேர்த்து 24 லிட்டர், இரண்டு குடத்துக்குள் முடிந்துவிட்டது.

கூப்பிடாத ஏழாவது ஆள் ஒருவர் வருவார் என்பதையும் எதிர்பாருங்கள். எங்களுக்கு எதிர்வீட்டுப் பையனின் 3 வயதுத் தம்பி. அந்த வயசுக்குக் கோலிகுண்டு கூடவே கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும். அவனுக்குத் தனி வாளி, ஒரு மக்கு, பக்கத்தில் அவன் அம்மா. தண்ணீரில் ஒரு சாண் ஆழம் இருந்தாலும் பெரியவர் கண் அங்கிருந்து நகரக்கூடாது.

படி 6: முகப்பூச்சு

ஆறு பேருக்கு: பயத்தமாவு 6 மேசைக்கரண்டி, கெட்டித் தயிர் 6 மேசைக்கரண்டி, பன்னீர் தேவைக்கு. இட்லி மாவு பதம் சரி. தோசை மாவு பதத்துக்குப் போனால் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போகும்.

நெற்றி, கன்னம், முகவாய், அவ்வளவுதான். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வேண்டாம். 7 நிமிஷம் வைத்து, காய்ந்து இழுக்கும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எலுமிச்சை சேர்க்காதீர்கள், தோலில் சாறு இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகும். மஞ்சளும் எரியும், துணியிலும் கறை.

கண்ணுக்கு வைக்க வெள்ளரிக்காய் 12 வில்லை நறுக்கினேன். வைத்த உடனே எடுத்துத் தின்றுவிட்டார்கள். இரண்டு காய் கூடுதலாக வாங்குங்கள்.

இந்த இடத்தில் ஒரே ஒரு விதி போட்டேன்: ‘கலர்’ பற்றி யாரும் பேசக்கூடாது. ‘இதைப் பூசினா செவப்பாயிடுவே’ என்று நாத்தனார் ஆரம்பித்தார், கண் காட்டினேன், நிறுத்திக்கொண்டார். குழைத்த மாவு ஜில்லென்று இருக்கும், அதற்காகப் பூசுகிறோம். வேறு காரணம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

படி 7: ஆயாவின் இடம்

தலைவாரிப் பின்னல் போட்டுப் பூ வைப்பது. பையன்களுக்குத் தலையைப் பிடித்துவிட்டு, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு. ஆயா கை பட்டால் என் மகள் தூங்கிவிடுவாள், அன்றும் தூங்கினாள், பர்த்டே பேபியே!

தொடும் முன் கேளுங்கள். “ஆயா தலையைப் புடிச்சி விடட்டுமா கண்ணு?” வேண்டாம் என்றால் வேண்டாம். தலை, முகம், கை, பாதம் தவிர வேறெங்கும் இல்லை. துணி மாற்றுவதும் இல்லை. கதவு திறந்தே இருக்கும். மாவு பூசிய முகத்தை ஃபோட்டோ எடுத்தால் அந்தந்த அம்மாவுக்கு மட்டும் அனுப்புங்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

படி 8: கேக்

மெழுகுவத்தி ஏற்றும் முன் நகப்பூச்சு, அதை அழிக்கும் திரவம் இரண்டையும் வேறு அறைக்குக் கொண்டுபோங்கள், சட்டென்று பற்றிக்கொள்ளும். நுரை ஸ்ப்ரேயும் அப்படித்தான். தெருவில் விற்கும் கேஸ் பலூனில் பெரும்பாலும் ஹைட்ரஜன். நெருப்புப் பக்கம் அதுவும் வேண்டாம். வாயால் ஊதின பலூனே போதும்.

குடிக்கப் பானகம், மோர். தின்ன நுங்கு, தர்பூசணி, ஆளுக்கு ஒரு ஆற்காடு மக்கன் பேடா. ஒன்றுக்கு மேல் கொடுத்தால் கேக் மீந்துபோகும். வீட்டுக்காரர் ஆம்பூர் பிரியாணி சொல்லலாமா என்று மூன்று தடவை கேட்டார். வெட்டிவேர் வாசத்துக்கு நடுவில் பிரியாணியா என்று மறுத்துவிட்டேன். ராத்திரி எங்களுக்கு மட்டும் வந்தது, அது வேறு கதை.

படி 9: மருதாணி, கடைசியில்தான்

நான் செய்த பெரிய தப்பு இங்கே. முதல் ஜோடிக்கு வந்தவுடனே மருதாணி வைத்துவிட்டேன். அந்தக் கையோடு ஒரு பெண் கன்னத்தைச் சொறிந்தாள். கன்னத்தில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று விரல் தடம், நாலு நாள் போகவில்லையாம். அவள் அம்மா சிரித்துவிட்டார், எனக்குத்தான் முகம் போன இடம் தெரியவில்லை.

அதனால் எல்லாம் தின்று முடித்து, கை கழுவி, வட்டமாக உட்கார்ந்த பிறகு வையுங்கள். இலையாக அரைத்த மருதாணி. இடது கையில் மட்டும், நடுவில் ஒரு வட்டம், ஐந்து விரலுக்கும் தொப்பி. வலது கை செருப்பு மாட்ட வேண்டுமே. அரை மணி நேரம் ஆயா கதை சொன்னார். அவ்வளவு நேரத்தில் இளம் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். வீட்டுக்குப் போய்க் கழுவச் சொல்லி அப்படியே அனுப்புங்கள்.

படி 10: கழுவுவது

மாவுத் துணிகளை சிங்க்கில் அலசாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வாளியில் அலசி, அந்தத் தண்ணீரையும் பேசின் தண்ணீரையும் முருங்கை மரத்தடியில் ஊற்றினோம். இதழ்களும் அங்கேயே போயின. பிறகு கோலிகுண்டுகளை எண்ணுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரண்டு தடவை எண்ணுங்கள். எங்களுக்கு 29தான் வந்தது. சோபாவுக்கு அடி, கோணிப்பை மடிப்பு, முருங்கையடி எல்லாம் தேடியாகிவிட்டது.

மறுநாள் காலை எதிர்வீட்டு அக்கா துணி ஊறவைக்கும்போது பெரியவன் டவுசர் பாக்கெட்டிலிருந்து விழுந்ததாம். மதில் மேலே கையை நீட்டிக் காட்டினார். அவனே வெச்சிக்கட்டும், சின்னவன் கையில மட்டும் குடுத்துடாதீங்கக்கா என்றேன்.