ரெண்டு போன் தூக்கி அலைஞ்ச கதை

ஆபீஸ்ல ஐபோன் குடுத்தாங்க, என்கிட்ட ஏற்கனவே ஆண்ட்ராய்டு இருந்துச்சு, அதனால ஒரு வருஷமா ரெண்டு பாக்கெட்லயும் ஒண்ணொண்ணு. ஐபோன் பழைய மாடல் வேற, சார்ஜ் பண்ண லைட்னிங் கேபிள் தனி, இன்னொண்ணுக்கு டைப் சி தனி (2023ல ஐபோன் 15 வந்தப்புறம்தான் அதுலயும் டைப் சி).

சரி, எல்லாத்தையும் ஐபோனுக்கே மாத்திடுவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். அங்கதான் மாட்டினேன். ஆண்ட்ராய்டு வாட்ஸப் பேக்கப் கூகுள் டிரைவ்ல இருக்கு, ஐபோன் ஆப்பிளோட ஐகிளவுட்லதான் தேடும், ஒண்ணு இன்னொண்ணுக்கு ஒத்துவராது. 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வச்சு மாத்தலாம்தான், ஆனா ஐபோன் புதுசா இருக்கணும் இல்லன்னா முழுசா ரீசெட் பண்ணணும். ஆபீஸ் போனை நான் எப்படிங்க ரீசெட் பண்றது?

அப்புறம்தான் ஆண்ட்ராய்டுலயே வொர்க் புரொஃபைல்னு, ஆபீஸ் வேலைக்குன்னே தனிப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு உறைச்சுது. 2014ல வந்த ஆண்ட்ராய்டு 5லயே இருக்கு, நான்தான் கண்டுக்கல. ஐடி டீம்ல கேட்டு என் போன்லயே போட்டுக்கிட்டேன். ஆபீஸ் ஆப் எல்லாம் சின்ன சூட்கேஸ் படத்தோட தனியா நிக்குது, என் போட்டோ, மெசேஜ் அவங்களுக்குத் தெரியாது, வேலைய விட்டா அந்தப் பக்கத்த மட்டும் அழிப்பாங்க. சாயங்காலம் ஒரு பட்டன் தட்டினா ஆபீஸ் பக்கம் மொத்தமும் தூங்கிடும்.

ஐபோனை திருப்பிக் குடுத்துட்டேன். கேமரா மட்டும் கொஞ்சம் ஏக்கமா இருக்கு.