விதை இறங்காத பையன்: பெற்றோர் பார்க்க வேண்டியது

வெந்நீரில் குளிப்பாட்டிய கையோடு பையனைப் படுக்கவைத்துப் பாருங்கள். குளிர்ந்த விரல் பட்டால் விதை (விரை) மேலே ஓடிவிடும், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பிலிருந்து தொடையிடுக்கு வழியாகக் கீழ்நோக்கி மெதுவாகத் தடவி வாருங்கள். விதைப்பையில் இறங்கி நின்றால் போதும். ஒன்று மட்டும் காணோமென்றால் 6 மாதம்வரை பொறுக்கலாம். இரண்டுமே தட்டுப்படாவிட்டால் பொறுக்கவே கூடாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசாங்க கிளினிக்கில் அன்றைக்கே கடிதம் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குடலிறக்கமும் சேர்ந்திருந்தால் அபூர்வமான முல்லேரியன் நாளக் கோளாறாகவும் இருக்கலாம். ஆண் கருவில் கருப்பை வளராமல் தடுக்கும் ஏ.எம்.எச். ஹார்மோன் சுரக்காமலோ, உடல் அதை உணராமலோ போவதால், வெளியே குறையில்லாத பையனின் வயிற்றுக்குள் சிறு கருப்பையும் கருக்குழாய்களும் தங்கிவிடும். பெரும்பாலும் குடலிறக்க ஆபரேஷனின்போதுதான் தெரியவரும். இது யார் செய்த குற்றமுமில்லை, மரபணு விஷயம்.

இதில் விதை சரியான பிடிப்பில்லாமல் ஆடுவதால் முறுக்கிக்கொள்ளும், ரத்தம் நின்றுபோகும். திடீரென அடிவயிற்று வலி, வாந்தி என்றால் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். சோறு தண்ணீர் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். 6 மணி நேரம் தாண்டினால் விதையைக் காப்பாற்றுவது கடினம்.

விதையை இறக்கித் தைக்கும் ஆபரேஷன் 6 முதல் 18 மாதத்துக்குள் நடப்பது நல்லது. அதன் பிறகும் புற்றுநோய் அபாயம் முழுதாகப் போகாது. பருவம் வந்ததும் மாதம் ஒருமுறை, குளித்தபின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விதையை உருட்டிப் பார்க்கப் பையனுக்கே சொல்லிக்கொடுங்கள். வலிக்காத பட்டாணி அளவுக் கட்டியையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.