இரண்டு கண்ணும் தெரியுது, சேர்ந்து பார்க்குதா?

என் மகள் கொப்பி எழுதும்போது இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வாள். “கையை எடு மகள், நேரா இருந்து எழுது” என்று எத்தனை நாள் ஏசியிருப்பேன். பாடசாலையில் கண் பார்த்தார்கள். இரண்டு கண்ணும் 6/6, அதாவது தெளிவான பார்வை. அப்படியென்றால் படிக்கப் பஞ்சிதான் காரணம் என்று முடிவு கட்டினோம். பிறகு ஒரு நாள் கண் கிளினிக்கில் பேனை ஒன்றை அவள் மூக்கை நோக்கி மெல்ல மெல்லக் கொண்டுவந்தார்கள். ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும் வலது கண் மட்டும் கைவிட்டதுபோல வெளியே விலகியது. “ரெண்டு பேனை தெரியுது” என்றாள். அவளை ஏசிய நாள்களை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

நாங்கள் விட்ட முதற் பிழை, ஒவ்வொரு கண்ணும் தெளிவாகத் தெரிந்தால் இரண்டும் சேர்ந்து பார்க்கும் என்று நம்பியது. எழுத்துப் பலகை இருப்பது 6 மீற்றரில். அவ்வளவு தூரத்துக்குக் கண்கள் உட்பக்கமாகத் திரும்பவேண்டியது அரைப் பாகைக்குச் சற்றுக் கூடத்தான். அதையும் ஒரு கண்ணை மூடித்தான் பார்க்கிறார்கள். கொப்பி இருப்பதோ 40 சென்ரிமீற்றருக்குள். வளர்ந்த ஒருவரின் கண்மணிகளுக்கு இடையே 6 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் இடைவெளி இருக்கும். இரண்டு பார்வையும் ஒரே எழுத்தில் விழ 9 பாகை அளவுக்குத் திரும்பி, அப்படியே நிற்கவும் வேண்டும். ஆகவே கிளினிக்குக்குப் போனால், “கிட்டத்தில் ரெண்டு கண்ணும் சேருதா என்றும் ஒருக்கா பாருங்கோ” என்று வாய்திறந்து கேளுங்கள்.

அடுத்தது, படித்தவர்களிடமும் இருக்கும் பிழை: கண் எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்தே மூளை தூரத்தை அளக்கிறது என்பது. 1637இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட், பார்வையற்ற ஒருவர் இரண்டு தடிகளின் முனைகளைச் சேர்த்துத் தூரத்தை உணர்வதோடு இதை ஒப்பிட்டார். 1838இல் ஆங்கிலேய விஞ்ஞானி வீட்ஸ்டன் சற்றே வேறுபட்ட இரண்டு கோட்டுப் படங்களைக் கண்ணுக்கொன்றாகக் காட்டினார். தட்டைக் கோடுகள் முப்பரிமாண உருவமாக எழுந்து நின்றன. 1841இல் ஜேர்மன் விஞ்ஞானி டோவ் அதே வகைப் படங்களை மின்சாரத் தீப்பொறியின் கணநேர வெளிச்சத்தில் காட்டினார். கண் அசையவே நேரமில்லாத அந்தக் கணத்திலும் ஆழம் தெரிந்தது. ஆக, ஆழத்தின் மூலம் இரண்டு விம்பங்களுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடு. கண் திரும்பும் அளவும் கொஞ்சம் உதவும், ஆனால் கிட்டத்தில்தான். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியின் அக்கரைத் தென்னைகளைப் பார்த்தால், முன் மரத்துக்கும் பின் மரத்துக்கும் கண் திரும்பும் அளவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அதற்காகக் கண்ணசைவே தேவையில்லை என்று போனால் அதுவும் பிழை. மருதமுனையில் கைத்தறி ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாவில் ஒரு நூல் அறுந்தது. நெய்துகொண்டிருந்த உம்மா முகத்தைத் தாழ்த்தினார். இரண்டு கருமணிகளும் மூக்குப் பக்கம் ஒதுங்கின. நூற்றுக்கணக்கான இழைகளுக்குள் அந்த இரண்டு நுனிகளைப் பிடித்து முடிந்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டு விம்பங்களின் அந்த வேறுபாட்டை மூளை ஒன்றாகச் சேர்த்து வாசிப்பது, பார்வை குத்திட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் ஒடுங்கிய ஓர் எல்லைக்குள்தான். அதற்கு அப்பால் எல்லாம் இரண்டிரண்டு. பெருவிரலை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு தூரத்து மரத்தைப் பாருங்கள், விரல் இரண்டாகும். விரலைப் பாருங்கள், மரம் இரண்டாகும். வேலைக்கு வேண்டிய இடத்தை அந்த எல்லைக்குள் கொண்டுவருவது கண்ணசைவுதான்.

ஒற்றைக் கண்ணுள்ளவருக்கு ஆழமே தெரியாது என்று சொல்லாதீர்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு கண்ணை மூடி, நடுவில் ஒரு மரத்தைப் பாருங்கள். வேலிக் கம்பிகள் பின்னால் ஓடும், தூரத்து மரங்கள் கூடவே வரும். அந்த நடு மரத்தைப் பின்தொடர்ந்து கண் திரும்புகிற செய்தியையும் சேர்த்துத்தான் எது கிட்ட, எது எட்ட என்று மூளை பிரிக்கிறது. அவருக்குச் சிரமம் ஊசி கோப்பது, கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுவது போன்ற கைக்கெட்டும் வேலைகளில்.

மிகவும் கேடான பிழை, “வாக்குக்கண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகும்” என்பது. பிறந்த சில வாரங்களுக்குக் கண் அங்குமிங்கும் போவது வழமை. 4 மாதம் கழிந்தும் மாறுகண் இருந்தால் கட்டாயம் காட்டவேண்டும். 1981இல் நோபல் பரிசு பெற்ற ஹூபலும் வீசலும் பூனைக்குட்டிகளில் ஒரு கண்ணை மாறுகண்போல விலகவைத்துப் பார்த்தபோது, இரு கண்ணுக்கும் பதில் தரும் மூளைக் கலங்கள் பெரிதும் குறைந்துபோயின. பிள்ளையின் மூளையும் இரண்டு கண்ணையும் சேர்க்கப் பழகுவது சின்ன வயதில்தான். அதேபோல, நல்ல கண்ணை மூடிக் கட்டினால் மற்றக் கண் சரியாகும் என்று அயலார் சொன்னதைக் கேட்டு நீங்களாகவே கண்ணைக் கட்டிவிடாதீர்கள். எந்தக் கண்ணை, எத்தனை மணிநேரம் என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். அளவு மீறினால் நல்ல கண் மங்கலாம்.

பேனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து கண்ணைக் குவிக்கப் பழக்கும் பேனைப் பயிற்சியும் எல்லாருக்குமான மருந்தல்ல. என் மகளுக்கு இருந்ததுபோல, கிட்டத்தில் கண் குவியாத குறைக்குத்தான் அது. அதிலும், வீட்டில் பென்சில் பிடிப்பதைவிடப் பயிற்சி பெற்றவரிடம் போய்ச் செய்வது கூடிய பலன் தந்ததாக அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு பேனையை நிமிர்த்திப் பிடித்து, “மனே, உன்ர பேனை நுனியை மேலயிருந்து கொண்டுவந்து இதில முட்டு” என்று சொல்லுங்கள். முதலில் இரண்டு கண்ணாலும், பிறகு ஒன்றை மூடியும். இரண்டு கண் திறந்திருந்தும் திரும்பத் திரும்பத் தவறினால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். முட்டிவிட்டால் மட்டும் குறையில்லை என்று எண்ணவேண்டாம், இது பெரிய குறைகளை மட்டும் பிடிக்கும். வளர்ந்தவருக்குத் திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், பேனையெல்லாம் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.