மலையில்லாத மண்ணின் வரைபடத்தில் மேடு பள்ளம் அறியும் முறை

வறண்ட மேட்டுநில மேய்ச்சற்காட்டின் வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புநிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். அங்கே தண்ணீரைத் தேடுவதுதான் கடினம். காவிரிப் படுகையில் தேட வேண்டியது உயரம். 1808-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தம் கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றியதும், கயிறு அறுந்து அக்கருவி சேதமுற்றதும், நின்று பார்க்க இங்கே குன்று இல்லாததன் விளைவே.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களில் தஞ்சாவூர் 58 என்/1-இலும் கும்பகோணம் 58 என்/5-இலும் அமைந்துள்ளன. தாளில் 2 சென்டிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டர். சமவுயரக் கோடுகளின் இடைவெளி பெரும்பாலும் 20 மீட்டர் என்பதால், தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இரண்டு மூன்று கோடுகளே குறுக்கிடும். ஆகவே அவற்றை நம்பியிராமல், புள்ளியருகே அச்சிட்ட உயர எண்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையோரத்தில் 3 என்ற எண்ணை அடுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஆர்’ இருந்தால், அது கடல்மட்ட உயரமன்று. அடிநிலத்திலிருந்து கரை 3 மீட்டர் எழுந்துள்ளது என்பதே பொருள்.

இனி ஆறுகளைப் பாருங்கள். வெள்ளந்தோறும் வண்டலை இருகரையிலும் படியவிட்டதால், படுகையில் ஆற்றோரமே மேடு, இரண்டு ஆறுகளுக்கு நடுப்பட்ட வயலே தாழ்வு. பழைய ஊர்களும் சாலைகளும் கரையை ஒட்டி நீளவாக்கில் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். பாசன வாய்க்காலும் வடிகாலும் தாளில் ஒரே நீலக் கோடாகத் தோன்றினாலும், ஆற்றுத் தலைப்பில், அதாவது நீரைப் பிரித்துவிடும் மதகில், பிரிந்து கீழே போகப்போகக் கிளைவிடுவது வாய்க்கால். சிறு கோடுகளைச் சேர்த்துக்கொண்டே போவது வடிகால். என் கணிப்பில், படுகையின் தாளைப் படிப்பதற்கு இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லாக் குறியீடுகளையும்விட உதவும், ஏனெனில் வடிகாலைக் கண்டால் பள்ளத்தைக் கண்டாயிற்று. கடைமடையில் மட்டும் எச்சரிக்கை தேவை: மேலூரின் வடிகாலே அங்கே கீழூரின் பாசன வாய்க்காலாகிவிடுவதுண்டு.

பழகுவதற்கு நீடாமங்கலம் அருகிலுள்ள மூணாறு தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் அங்கிருந்து விரிகின்றன. ஒவ்வொன்றின் இருபுறமும் வாய்க்கால்களை ஒரு நிறத்திலும், இடையே உள்ள வடிகால்களை வேறு நிறத்திலும் தீட்டினால், கோடே இல்லாத இடத்தில் மேடும் பள்ளமும் புலப்படும்.

தாளின் ஓரத்தில் அளவை நடந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தூர்ந்த வடிகாலைத் தாள் காட்டாது, நேரில் சென்றே பார்க்க வேண்டும்.